வீடு இடிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும்?

கேள்வியின் சுருக்கம் இது. தேவிகுளம் தாலுகாவில் ஒரு ஓட்டு வீடு. மழையில் பின்பக்க மண் திட்டு சரிந்து அடுக்களைச் சுவரும் கூரையில் பாதியும் போய்விட்டன. நிற்கிற சுவர்களிலும் வெடிப்பு. வில்லேஜ் ஆபீஸ், இன்ஷூரன்ஸ், வங்கி, கான்ட்ராக்டர் என நாலு பக்கமும் எழுத வேண்டியிருக்கிறது. மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினால் போகிற இடமெல்லாம் ஒரு சொல்லைத் திருத்துகிறார்கள். புனரமைப்பு பற்றி எழுத எந்த வினையோடு எந்தப் பெயர் சேரும் என்று சொல்ல முடியுமா?

முதலில் ஒரு வேலையைக் குறைத்துவிடலாம். வில்லேஜ் ஆபீசுக்கு ஆங்கிலம் கட்டாயமே இல்லை. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். ஆங்கிலம் தேவைப்படுவது இன்ஷூரன்சுக்கும் வங்கிக்கும் எஸ்டிமேட்டுக்கும். அந்த மூன்று இடத்திலும் இலக்கணம் பிசகினால் யாரும் பணத்தைக் குறைக்க மாட்டார்கள். வினைச்சொல் மாறினால் குறைப்பார்கள். அதனால் அழகான ஆங்கிலத்துக்காக மெனக்கெடாமல், எந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டிய சொல் 'டேமேஜ்'. சேதம் என்ற பொருளில் இதற்குப் பன்மை கிடையாது. 'டேமேஜஸ்' என்று எஸ் சேர்த்தால் நீதிமன்றம் தரச் சொல்லும் நஷ்டஈட்டுப் பணம் என்றாகிவிடும். 'அவர் ஹவுஸ் காட் மெனி டேமேஜஸ்' என்று எழுதுவதைத்தான் எல்லா இடத்திலும் திருத்துகிறார்கள். வீடு சேதத்துக்கு உள்ளானதைச் சொல்ல 'சஸ்டெயின்' அல்லது 'சஃபர்' சேரும்: 'தி ஹவுஸ் சஸ்டெயின்ட் சிவியர் டேமேஜ்'. மழை செய்ததைச் சொல்ல 'காஸ்' சேரும்: 'ஹெவி ரெயின் காஸ்ட் எக்ஸ்டென்சிவ் டேமேஜ் டு தி ஹவுஸ்'. அங்கே வருவது 'டு', 'ஆஃப்' வராது. பழுதுபார்ப்புக்கும் அப்படியே, 'ரிப்பேர்ஸ் டு தி ரூஃப்'. சேதத்தின் அளவைச் சொல்ல 'சிவியர்', 'எக்ஸ்டென்சிவ்', 'மைனர்', 'ஸ்ட்ரக்சுரல்' ஆகிய நான்கும் போதும். 'ஹெவி டேமேஜ்' தப்பில்லை. 'பிக் டேமேஜ்' சேராது.

இவை தவிர இரண்டு அடைமொழிகளை மட்டும் யோசிக்காமல் எழுதாதீர்கள்: 'ஃபுல்லி டேமேஜ்ட்', 'பார்ஷியலி டேமேஜ்ட்'. இவை வெறும் வர்ணனை கிடையாது, அரசாங்கக் கணக்கின் தலைப்புகள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிமுறையில், முழுதாகச் சேதமான வீட்டுக்கு மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய், சமவெளியில் 1,20,000. பகுதிச் சேதமென்றால் பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய்தான், அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால். 2018 வெள்ளத்தின்போது கேரள அரசு சொந்தப் பணமும் சேர்த்துச் சதவீதவாரியாகக் கொடுத்தது: 60 முதல் 74 சதவீதம் வரை இரண்டரை லட்சம், 75க்கு மேல் போனால் நாலு லட்சம். சதவீதத்தை முடிவு செய்வது ஆய்வுக்கு வருகிற இன்ஜினியர். மனுவில் நீங்களே முந்திக்கொண்டு 'பார்ஷியலி' என்று எழுதிவிட்டால், அது உங்கள் வாயால் சொன்னதாகக் கோப்பில் உட்கார்ந்துவிடும். எது இடிந்தது, எது வெடித்தது, எது நிற்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதி, வகைப்படுத்தும் வேலையை அவரிடம் விடுங்கள்.

இடிந்ததைச் சொல்வதிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். சுவர் 'கொலாப்ஸ்' ஆகும். கூரை 'கேவ் இன்' ஆகும். மண் திட்டு 'கிவ் வே' ஆகும். வெள்ளம் அடித்துப் போன பாலமும் ரோடும் 'வாஷ்ட் அவே'. அஸ்திவாரத்துக்கு அடியில் தண்ணீர் மண்ணை அரித்திருந்தால் 'தி ஃபவுண்டேஷன் ஹேஸ் பீன் அண்டர்மைண்ட்'. வீடு கொஞ்சம் அமுங்கியிருந்தால் 'செட்டில்ட்'. கடைசி இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. அதனால் வருகிற நஷ்டம் பெரியது.

ஏனென்றால், 2021 ஏப்ரலிலிருந்து எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனியும் விற்க வேண்டிய பொது வீட்டுப் பாலிசியான பாரத் கிருஹ ரக்ஷா, மண்சரிவுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அதே வரியில் சில விலக்குகளும் உண்டு: புதுக்கட்டடம் அமுங்குவதால் வருகிற சாதாரண வெடிப்பு, நிரவிய மண் அமுங்குவது, தவறான வடிவமைப்பு, மட்டமான வேலை. மலையைச் சரித்து ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரவிக் கட்டிய வீடுகள்தான் நம் பக்கத்தில் பெரும்பாலும். அந்த மாதிரி வீட்டுக்காரர் ஒருவர் காரணத்தைப் பார்க்காமல் 'செட்டில்மென்ட் கிராக்ஸ்' (அமுங்கியதால் வந்த வெடிப்பு) என்று எழுதினால், விலக்குக்கான காரணத்தைத் தானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். சரிவினால் வந்த வெடிப்பானால் 'கிராக்ஸ் காஸ்ட் பை தி லேண்ட்ஸ்லைட்' என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணம் நிச்சயமில்லை என்றால் காரணத்தை விட்டுவிட்டு 'கிராக்ஸ் அப்பியர்ட் ஆஃப்டர் தி லேண்ட்ஸ்லைட்' என்று நிகழ்ந்த வரிசையை மட்டும் சொல்லுங்கள். பழைய வெடிப்பைப் புதிது என்று எழுதப் போகாதீர்கள். உள்ளே படிந்த அழுக்கும் பாசியும், சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயருக்கு வயதைச் சொல்லிவிடும்.

வெடிப்புக்குச் சேரும் சொற்கள் சின்னக் குடும்பம். வெடிப்பு 'அப்பியர்' ஆகும், 'டெவலப்' ஆகும், 'வைடன்' ஆகும். மூலைக்கு மூலை போனால் 'டயகனல் கிராக்', படிப்படியாகச் செங்கல் இணைப்பு வழியே போனால் 'ஸ்டெப்ட் கிராக்', மயிரிழை மாதிரி என்றால் 'ஹேர்லைன் கிராக்'. அகலத்துக்கு இந்தியத் தர நிறுவனத்தின் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது: 1 மி.மீ.க்குக் கீழே 'தின்', 1 முதல் 2 வரை 'மீடியம்', 2க்கு மேலே 'வைட்'. ஸ்கேல் வைத்துப் படமெடுத்து மி.மீ. கணக்கை எழுதிவிட்டால் அடைமொழியே வேண்டாம். சரிசெய்வதற்கு மேலோட்டமான வெடிப்பை 'சீல்' பண்ணுவார்கள், ஆழமானதில் 'கிரவுட் இன்ஜெக்ட்' பண்ணுவார்கள், அதாவது நீர்த்த கலவையை உள்ளே செலுத்துவார்கள். சுவர் வெளியே தள்ளி வயிறு வைத்திருந்தால் 'பல்ஜ்'. செங்குத்து தவறிச் சாய்ந்திருந்தால் 'அவுட் ஆஃப் பிளம்ப்', அதாவது தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை என்பது. இவை இரண்டில் ஒன்று இருந்தால் 'ஸ்ட்ரக்சுரலி அன்சேஃப்' என்று இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். குடியிருக்க முடியாத நிலையை 'அன்ஃபிட் ஃபார் ஹேபிடேஷன்' என்பார்கள். பாலிசியில் வாடகை இழப்பு கேட்க இந்த வரி உதவும்.

இனி 'ரீ' என்று தொடங்கும் வினைகள். எல்லாமே திரும்பச் செய்வதுதானே என்று ஒன்றை எடுத்து எல்லா இடத்திலும் போடுவதுதான் வழக்கமான தவறு.

'ரிப்பேர்' என்றால் இருப்பதை வைத்துக்கொண்டு பழுதை எடுப்பது. 'கேரி அவுட் ரிப்பேர்ஸ்' என்பது நல்ல சேர்க்கை, 'டூ ரிப்பேர்ஸ்' பேச்சுக்குப் போதும். 'அர்ஜென்ட் ரிப்பேர்ஸ்', 'டெம்பரரி ரிப்பேர்ஸ்' சேரும். மீட்கவே முடியாது என்றால் 'பியாண்ட் ரிப்பேர்'. பஞ்சாயத்துக் கணக்கில் சில்லறைப் பழுது, பூச்சு, வெள்ளையடிப்பு, பெயின்ட் இவற்றுக்கு பெர்மிட் வேண்டாம். 'ரீகன்ஸ்ட்ரக்ட்' என்று எழுதினால் பிளான், பெர்மிட் எல்லாம் வேண்டும். மூணாறு பகுதிக் கிராமங்களில் வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்றும் (என்.ஓ.சி.) கூடவே வரும். ஆகவே ஓடு மாற்றிச் சுவர் பூசுகிற வேலைக்கு 'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்று பெரிய சொல்லைப் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். மறுபக்கம், அஸ்திவாரம் தோண்டி முழுச்சுவரும் எழுப்பிவிட்டு அதை 'ரிப்பேர்' என்று எழுதுவதும் ஆபத்துதான். பின்னால் வீட்டு எண்ணிலும் கடன் பத்திரத்திலும் சிக்கும்.

'ரெனவேட்' என்றால் நன்றாக இருப்பதை இன்னும் மேலாக்குவது: புது டைல்ஸ், புது சமையல் மேடை. இன்ஷூரன்ஸ் கடிதத்தில் இந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. முன்பு இருந்ததைவிட மேலாக்குவதற்குக் கம்பெனி பணம் தராது. அங்கே உரிய சொல் 'ரீஇன்ஸ்டேட்', முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது. 'காஸ்ட் ஆஃப் ரீஇன்ஸ்டேட்மென்ட்' என்று தலைப்பிட்டு எஸ்டிமேட் கொடுங்கள். வங்கிக்கு நேர்மாறு: வீட்டைப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 'ரெனவேஷன் அண்ட் எக்ஸ்டென்ஷன்' என்றே எழுத வேண்டும், கடன் வகையே அந்தப் பெயரில்தான் இருக்கும். ஒரே எஸ்டிமேட்டை இரண்டு இடத்துக்கும் அனுப்புவது சோம்பேறித்தனம், அது இங்கே வேலைக்கு ஆகாது.

'ரெஸ்டோர்' கட்டடத்தோடு சேர்ந்தால் பழைய கோயில், பங்களா போன்றவற்றைப் பழைய உருவத்துக்கே கொண்டுவருவது. ஆனால் அன்றாடச் செய்தியில் அது சேவைகளோடுதான் அதிகம் வரும்: கரன்ட், குடிதண்ணீர், போக்குவரத்து. மூணாறு பக்கத்துக் கேப் ரோட்டில் மண் விழுந்தால் முதலில் 'க்ளியர் தி டெப்ரி', பிறகு 'ரெஸ்டோர் ட்ராஃபிக்'. ரோட்டை மறுபடி கட்டுவது வேறு கதை, அதற்கு 'ரீகன்ஸ்ட்ரக்ட்'. 'டெப்ரி' என்றால் இடிபாடு; ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் வரும் எஸ்ஸை உச்சரிக்கக் கூடாது, பன்மையும் கிடையாது.

'ரெட்ரோஃபிட்' என்றால் இடிக்காமல் வலுவூட்டுவது. இதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் உள்ள தூரத்தைக் குமுளி, கம்பம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முல்லைப்பெரியாறில் தமிழ்நாடு 'ஸ்ட்ரெங்தனிங் மெஷர்ஸ்' என்கிறது, கேரளம் 'நியூ டேம்' என்கிறது. வழக்கு முழுக்க இந்த இரண்டு சேர்க்கைகளைச் சுற்றித்தான். உங்கள் வீட்டுக்கு வருவோம். நிற்கிற சுவருக்கு மேலே லின்டல் மட்டத்தில் சுற்றிக் கான்கிரீட் கட்டு போடுவதும், மூலைகளைக் கம்பி வைத்து இறுக்குவதும் 'ரெட்ரோஃபிட்டிங்' அல்லது 'ஸ்ட்ரெங்தனிங்' என்று எஸ்டிமேட்டில் தனித் தலைப்பாக வர வேண்டும்.

'ரீபில்ட்', 'ரீகன்ஸ்ட்ரக்ட்' இரண்டும் கட்டடத்துக்குச் சேரும். முந்தையது பேச்சுக்கும் பத்திரிகைக்கும் இயல்பு, பிந்தையது கோப்புக்கு. ஆனால் வாழ்க்கை, நம்பிக்கை, தொழில் இவற்றோடு 'ரீபில்ட்' மட்டும்தான்: 'ரீபில்ட் தெயர் லைவ்ஸ்'. குடும்பங்களோடு 'ரீஹபிலிடேட்', 'ரீசெட்டில்', 'ரீலொகேட்'. மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள். உயிர் பிழைத்தவர்களுக்குக் குற்றியார்வாலியில் எட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதை 'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்று எழுதினால் அதே இடத்தில் கட்டியதாகப் பொருள்படும், 'ரீஹபிலிடேஷன்' என்பதே சரி. வயநாட்டில் முண்டக்கை–சூரல்மலைச் சரிவுக்குப் பிறகு கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட்டில் எழும்புவதும் 'ரீஹபிலிடேஷன் டவுன்ஷிப்'தான், வீட்டுக்கு ஏழு சென்ட், ஆயிரம் சதுர அடி. அதே சூரல்மலையில் ராணுவம் 190 அடி நீளத்துக்குப் போட்ட பெய்லி பாலத்துக்கு 'இரெக்ட்' சேரும், ஆயத்தத் துண்டுகளைக் கோத்து நிறுத்துவதால். நிரந்தரப் பாலம் என்றால் 'கன்ஸ்ட்ரக்ட்'.

எஸ்டிமேட்டுக்கு வருவோம், பணம் உண்மையில் சொட்டுவது இங்கேதான். பொதுப்பணித்துறை பாணி எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி தொடங்கும்: 'ப்ரொவைடிங் அண்ட் லேயிங்' என்றால் கான்கிரீட், தரை போன்றவை, 'ப்ரொவைடிங் அண்ட் ஃபிக்சிங்' என்றால் கதவு, ஜன்னல், குழாய். 'ப்ரொவைடிங்' இல்லாமல் 'லேயிங்' மட்டும் இருந்தால் பொருள் உங்கள் பொறுப்பு, கூலி மட்டும் அவர்களுடையது. கொட்டேஷன் ஒன்று மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது இடிப்பு. 'டெமாலிஷிங்' என்றால் உடைத்துத் தள்ளுவது. 'டிஸ்மேன்ட்லிங்' என்றால் சேதமில்லாமல் பிரித்து இறக்குவது. மத்தியப் பொதுப்பணித்துறையின் விவரக்குறிப்பிலேயே இந்த வேறுபாடு உண்டு. நல்ல மங்களூர் ஓடும், தேக்குக் கட்டையும், பழைய கருங்கல்லும் இருக்கிற வீட்டில் 'டெமாலிஷிங்' என்று கையெழுத்திட்டால் எல்லாம் நொறுங்கிய குப்பையாகத்தான் கிடைக்கும். 'டிஸ்மேன்ட்லிங் அண்ட் ஸ்டாக்கிங் சர்வீசபிள் மெட்டீரியல்ஸ்' என்று எழுதச் சொல்லுங்கள். பயன்படுவது 'சர்வீசபிள்', ஆகாதது 'அன்சர்வீசபிள்'. இறக்கி அடுக்கியது யாருக்குச் சொந்தம் என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

'லீட்', 'லிஃப்ட்' என்று வருவதை ஈயமென்றும் மின்தூக்கி என்றும் நினைத்துவிட வேண்டாம். மண் வேலையில் கிடையாகச் சுமக்கும் தூரம் 'லீட்', செங்குத்து உயரம் 'லிஃப்ட்'. சாதாரண ரேட் 50 மீட்டர் லீட்டுக்கும் ஒன்றரை மீட்டர் லிஃப்ட்டுக்கும்தான். லாரி நிற்கும் இடத்திலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் தலைச்சுமையாய் ஏற வேண்டிய வீடுகளுக்கு 'எக்ஸ்ட்ரா லீட்', 'ஹெட் லோட்' என்று தனி வரி இல்லாவிட்டால், பாதி வேலையில் சுமட்டுக்கூலிக்கு உங்களிடம் கை நீட்டுவார்கள்.

பின்திட்டுக்கு எழுதும்போது 'காம்பவுண்ட் வால்' என்று போடாதீர்கள். அது எல்லைச்சுவர், மண்ணைத் தாங்காது. மண்ணைத் தாங்குவது 'ரீடெயினிங் வால்'. கேரள அலுவலகங்களில் 'சைட் ப்ரொடெக்ஷன்' என்றும் சொல்வார்கள். இதனோடு இரண்டு சேர்க்கை கட்டாயம் வர வேண்டும்: தண்ணீர் வெளியேற 'வீப் ஹோல்ஸ்', பின்னால் கல் நிரப்ப 'பேக்ஃபில்லிங் வித் ரபிள்'. இவை இல்லாமல் கட்டிய சுவரை மண் தள்ளுவதைவிட, பின்னால் தேங்கும் தண்ணீர்தான் அதிகம் தள்ளும். அடுத்த ஜூலையில் அதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டி வரும்.

கான்கிரீட்டோடு 'புட்' சேராது. கலவையை 'போர்' அல்லது 'ப்ளேஸ்' பண்ணுவார்கள், கூரையை 'காஸ்ட்' பண்ணுவார்கள், கலவையைத் தாங்க அடித்த பலகையை 'ரிமூவ்' அல்லது 'ஸ்ட்ரைக்' பண்ணுவார்கள். 'க்யூர்' என்ற சொல்லை உலர்த்துவது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஈரம் குறையாமல் வைத்திருப்பதுதான் 'க்யூரிங்'. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது கலப்புதான், ஆகவே ஒப்பந்தத்தில் 'க்யூரிங் ஃபார் டென் டேஸ்' என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' வீட்டுக்கு வெளியிலும் நிறைய வரும். போருக்குப் பின் 'போஸ்ட்-வார் ரீகன்ஸ்ட்ரக்ஷன்', மருத்துவத்தில் 'லிகமென்ட் ரீகன்ஸ்ட்ரக்ஷன்', போலீசில் 'ரீகன்ஸ்ட்ரக்ட் தி ஆக்சிடென்ட்'. கடைசியில் உள்ளது விபத்து எப்படி நடந்தது என்று தடயங்களிலிருந்து கோத்துப் பார்ப்பது. அமெரிக்க வரலாற்றில் 1865 முதல் 1877 வரையான காலத்துக்கே அந்தப் பெயர். 'பில்ட் பேக் பெட்டர்' என்று அரசு அறிக்கைகளில் வருவது, பேரிடர் பற்றிய ஐ.நா.வின் 2015 செண்டாய் ஆவணத்தில் இடம்பிடித்த சேர்க்கை. மேடைக்கு நன்றாக இருக்கும். கிளெய்ம் கடிதத்தில் போட்டால் முன்பைவிட மேலாகக் கட்டக் கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

இன்ஷூரன்சுக்கு ஐந்து வாக்கியம் போதும். ஒன்று: 'அவர் ஹவுஸ் சஸ்டெயின்ட் சிவியர் டேமேஜ் இன் தி லேண்ட்ஸ்லைட்', பிறகு தேதியும் நேரமும். இரண்டு: 'தி கிச்சன் வால் அண்ட் ஹாஃப் ஆஃப் தி ரூஃப் ஹேவ் கொலாப்ஸ்ட்.' மூன்று: 'தி ரிமெய்னிங் வால்ஸ் ஹேவ் டெவலப்ட் டயகனல் கிராக்ஸ்', பக்கத்தில் மி.மீ. அளவு. நான்கு: 'வீ ஹேவ் ப்ராப்ட் அப் தி ரூஃப் அண்ட் கவர்ட் இட் வித் டார்பாலின் டு ப்ரிவென்ட் ஃபர்தர் டேமேஜ்.' முட்டுக் கொடுத்துத் தார்ப்பாய் போட்டதைச் சொல்லும் இந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், சேதம் பெருகாமல் பார்ப்பது பாலிசிதாரர் கடமை. ஐந்து: 'ப்ளீஸ் டெப்யூட் எ சர்வேயர் டு அசஸ் தி லாஸ் பிஃபோர் வீ க்ளியர் தி டெப்ரி.'

வழக்கமான 'டூ தி நீட்ஃபுல்' வேண்டாம், ஐந்தாவது வாக்கியமே எது தேவை என்று சொல்லிவிட்டது. சர்வேயர் வந்து போகும்வரை இடிபாட்டைத் தொடாதீர்கள். அப்புறம் அள்ளுகிற செலவுக்கு 'ரிமூவல் ஆஃப் டெப்ரி' என்று தனி பில் வாங்குங்கள், கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை அதற்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இடமுண்டு. இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை உண்டு. இரண்டும் கேட்டால்தான் வரும்.